வெல்லக் கொட்டகையும் மறு பரிசோதனையும்

கரும்பு பயிரிடும் நிலச்சுவான்தார்களுள் பலர் தங்கள் தோட்டத்திலேயே ஆலை நாட்டிக் கொப்பரை ஏற்றி வெல்லம் காய்ச்சி விற்பது தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். சேலம், ஈரோடு முதலிய ஜில்லாக்களில் மார்கழி, தை மாதங்களில் ஊருக்கு ஊர் ஆலைப் புகை எழுவதைக் காணலாம். இத்தொழில் நிலத்தைச் சார்ந்ததாயினும், காய்ச்சிய பண்டம் பிறர் உண்ணும் பொருளாதலால், உணவுச் சட்டத்தின் பார்வைக்கும் உட்பட்டிருக்கிறது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் கொட்டகைக்கு வந்து பார்வையிட்டுச் சென்றபின், குறைகளைத் திருத்தும்படி ஒரு நோட்டீஸ் வருவதும், அது எரவாணத்தில் செருகப்பட்டு மறக்கப்படுவதும் பல இடங்களில் நிகழ்கின்றன. நோட்டீஸில் கண்டவற்றைச் செலவு செய்து திருத்திக்கொண்ட குடியானவருங்கூட, திருத்தியதை அதிகாரி மறுபடி வந்து பார்த்துப் பதிந்து செல்லும்படி ஏற்பாடு செய்வதில்லை. முதற் பரிசோதனையைக் கண்டு அஞ்சுகிறவர்கள், அதனினும் முக்கியமான இரண்டாம் பரிசோதனையைப் பொருட்படுத்தாதிருப்பது விந்தையே.

உணவுக் கலப்படத்தைத் தடுக்கும் சட்டம் இந்நாட்டுக்குப் புதியதன்று. சென்னை மாகாணத்தில் 1918-ஆம் ஆண்டிலேயே கலப்படத் தடைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. பின்னர் 1954-ஆம் ஆண்டில் நாடு முழுவதற்கும் பொதுவாக ஒரு சட்டம் வந்தது. அச்சட்டத்தின் போக்கு பெரும்பாலும் மாதிரி எடுத்தல், இரசாயன சோதனை செய்தல், நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தல் என்ற அளவிலேயே நின்றது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டமும், அதன் கீழ் 2011-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி முதல் அமலுக்கு வந்த விதிகளுமே, குறை கண்டவுடன் கோர்ட்டுக்கு இழுக்காமல், இன்னின்னவற்றை இத்தனை நாளில் திருத்துக என்று எழுதிக் கொடுத்து, திருத்தினாரா என்று பார்க்கும் முறையைத் தெளிவாக வகுத்தன. ஆகவே, மறு பரிசோதனை என்பது தண்டனையின் ஒரு பகுதியன்று; தண்டனைக்கு முன் வைக்கப்பட்ட படியாகும். அப்படியில் நின்று இறங்கிவிட இடமிருக்க, அதைக் கவனியாது மேலே ஏறிச் செல்கிறவர் பலர்.

இங்கே ஒரு கேள்வி எழும். இச்சட்டத்தின் 18-ஆம் பிரிவில், விவசாயிக்கும் அவர் பயிருக்கும் பண்ணை மட்டத்தில் விளைந்த பொருளுக்கும் இச்சட்டம் பொருந்தாது என்று கூறப்பட்டிருக்கிறதே, தன் கரும்பைத் தானே காய்ச்சுகிறவரை அதிகாரி எவ்வாறு கேட்கலாம் என்று சிலர் வினவுகின்றனர். நெல்லையும் கரும்பையும் விளைந்தபடியே விற்கும் குடியானவர் இச்சட்டத்திற்கு அஞ்ச வேண்டுவதில்லை என்பது உண்மையே. ஆனால் சாறு பிழிந்து, பாகாக்கி, அச்சில் ஊற்றி, மண்டிக்கு ஏற்றிய பின், அது உணவு உற்பத்தி என்றே அதிகாரிகள் கொண்டு, சிறு தொழிலாயின் பதிவுச் சான்றும் பெருந்தொழிலாயின் உரிமமும் கேட்கின்றனர். அக்கம்பக்கத்தார் கரும்பையும் விலைக்கு வாங்கிக் காய்ச்சுகிற ஆலைக்கு இவ்வாதம் சிறிதும் உதவாது. பிரிவின் வாசகத்தைக் கொண்டு வாதாட இடமுண்டு எனினும், வாதாடும் இடம் நீதிமன்றமேயன்றிக் கொப்பரைக் கரையன்று. வாதாடும் காலமும் பொங்கலுக்கு முந்தின வாரமன்று. பதிவுச் சான்றைப் பெற்று 14 இலக்க எண்ணைக் கொட்டகையில் எழுதி வைத்துக்கொள்வதே விவேகமுள்ள காரியம்.

நோட்டீஸைப் பற்றிய சட்டத்தின் 32-ஆம் பிரிவு குடியானவர் அறியத்தக்கது. ஜில்லாவின் நியமன அலுவலர் கையொப்பமிடும் அந்நோட்டீஸில், எதனால் குறை என்று கருதுகிறார் என்பதும், எவ்வெவை குறைகள் என்பதும், எவற்றைச் செய்தால் குறை நீங்கும் என்பதும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். திருத்துவதற்குக் கொடுக்கும் தவணை 14 நாட்களுக்குக் குறையலாகாது. அத்தவணைக்குள் திருத்தாவிடில் சான்றை நிறுத்தி வைக்கலாம். பின்னும் திருத்தாவிடில், காரணம் கேட்டபின், ரத்துச் செய்யலாம். பொதுஜன சுகாதாரத்திற்கு உடனே கேடு விளையும் என்று கண்டால், காரணத்தை எழுத்தில் பதிந்து, தவணையின்றியே நிறுத்தி வைக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. நோட்டீஸே நியாயமற்றது என்று கருதுகிறவர் மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையரிடம் மேல்முறையீடு செய்துகொள்ளலாம். அதற்குரிய காலம் 15 நாட்கள், அல்லது நோட்டீஸில் குறித்த தவணை, இவற்றுள் எது முன்னே முடிகிறதோ அதுவேயாகும். ஆகவே 14 நாள் தவணை கொடுத்திருந்தால், 15-ஆம் நாள் அப்பீல் எழுதுவதில் பயனில்லை.

அப்பிரிவில் பெரும்பாலோர் கண்ணுக்குத் தப்பும் ஒரு சொற்றொடர் இருக்கிறது. குறித்த திருத்தங்களையோ, அவற்றுக்குக் குறையாத வேறு திருத்தங்களையோ செய்யலாம் என்பதே அது. தரைக்கு ஓடு பதிக்கும்படி எழுதியிருந்தால், வழவழப்பாகத் தேய்த்த சிமெண்டுத் தரை அதே காரியத்தைச் செய்யுமாயின், அதைச் செய்வதாகத் தவணைக்குள் எழுதிக் கேட்கலாம். ஆடு மாடு நுழையாதபடி சுவர் எழுப்பச் சொல்லியிருந்தால், கம்பி வலையும் கதவும் போதுமா என்று வினவலாம். சட்டமே கொடுத்த இச்சலுகையைக் கேட்காமல் விட்டு, செலவு தாங்காது என்று எல்லாவற்றையும் கைவிடுவது பேதைமை. கேட்பதை மட்டும் வாய்மொழியாகக் கேட்டு நிற்கலாகாது.

மறு பரிசோதனையை நாள் பாராது விட்டால் நேரும் நஷ்டத்தை ஒரு கணக்கால் காட்டலாம். டிசம்பர் 10-ந் தேதி நோட்டீஸ் கைக்கு வருகிறது. தவணை 24-ந் தேதியுடன் முடிகிறது. வேலை பாதியில் நிற்கிறது, அல்லது முடிந்தும் அதிகாரிக்குத் தெரிவிக்கப்படவில்லை. விசாரணைக்கு அழைத்தபின் 26-ந் தேதி சான்று நிறுத்தி வைக்கப்படுகிறது என்று கொள்வோம். 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி, நிறுத்தி வைத்த நாளிலிருந்து 14 நாட்களுக்குக் குறையாத காலத்திற்குப் பின்பே அடுத்த பரிசோதனைக்கு உத்தரவிடலாம். அதாவது ஜனவரி 9. பொங்கலோ ஜனவரி 14 அல்லது 15. இடையில் உள்ள நாட்களில் அடுப்பு மூட்டிக் காய்ச்சி மண்டிக்கு அனுப்பி விலை பெறுவது எங்ஙனம்? ஆண்டு முழுவதும் எதிர்பார்த்த கிராக்கி அவ்வளவில் போய்விடும். சான்று ரத்தாகிவிடுமாயின், ரத்தான நாளிலிருந்து 3 மாதம் கழித்தே புதிதாக விண்ணப்பிக்கலாம். அப்போதும் பழைய நோட்டீஸில் கண்டவையெல்லாம் திருத்தப்பட்டிருக்க வேண்டும். கட்டிய கட்டணமும் திரும்பாது. கரும்போ காத்திருக்கும் பயிரன்று. வெட்டிய கரும்பை ஒரு நாளைக்குள் பிழிந்துவிட வேண்டும். வைத்திருந்தால் சர்க்கரைச் சத்து மாறிப் பாகு இறுகாது. வெட்டாமல் விட்டாலும் முற்றிப் பூத்து எடை குறையும். ஏறக்குறைய 100 கிலோ கரும்பில் 10 கிலோ வெல்லம் காணும் இத்தொழிலில், ஒரு வாரம் அடுப்பு அவிந்தால் எத்தனை வண்டிக் கரும்பு வீணாகும் என்பதைக் குடியானவருக்கு எடுத்துக் கூற வேண்டுவதில்லை.

தூங்கும் பாம்பை ஏன் இடற வேண்டும், அதிகாரி மறந்திருந்தால் மறந்தே இருக்கட்டும் என்பது கிராமத்தில் அடிக்கடி கேட்கும் யோசனை. இது தவறான யோசனை. நோட்டீஸ் கொடுத்தவர் மாறிப் போகலாம். நோட்டீஸ் மாறிப் போவதில்லை. பதிவுகள் 2020-ஆம் ஆண்டு முதல் போஸ்காஸ் என்னும் இணையத் தளத்தில் ஏற்றப்பட்டு வருகின்றன. அங்கே முடிவு பெறாது நிற்கும் ஒரு குறை, பின்னொரு நாள் வெல்லத்தில் மாதிரி எடுத்து அது தரக்குறைவு என்று கண்டால், பழைய குறைக்குத் துணையாகப் புதுக் குறையும் சேர்ந்து நிற்க வழி செய்யும். அபராதத்தின் அளவை நிர்ணயிக்கும்போது, குற்றம் திரும்பத் திரும்ப நிகழ்ந்ததா, அறியாமல் நேர்ந்ததா என்பவற்றைத் தீர்ப்பளிக்கும் அதிகாரி கவனிக்க வேண்டும் என்று 49-ஆம் பிரிவு கூறுகிறது. தக்க முன்னெச்சரிக்கையும் உரிய கவனமும் எடுத்துக்கொண்டதை நிரூபிப்பது ஓர் எதிர்வாதமாகக் கொள்ளப்படும் என்று 80-ஆம் பிரிவும் கூறுகிறது. நிரூபிப்பதற்குக் கையில் என்ன இருக்கும்? குறை நீங்கியது என்று அதிகாரியே எழுதிய மறு பரிசோதனை அறிக்கையைவிடச் சிறந்த சாட்சி வேறில்லை. சுகாதாரமற்ற முறையில் உணவு செய்ததற்கு 1 லட்சம் ரூபாய் வரையிலும், அதிகாரியின் உத்தரவுப்படி நடவாமைக்கு 2 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க இடமளித்து இயற்றப்பட்ட சட்டம் இது. மறதியை நம்பி இவ்வளவு பெரிய தொகையைப் பணயம் வைப்பது குடித்தனக்காரர் செய்யும் காரியமன்று.

வெல்லக் கொட்டகைகளில் காணப்படும் குறைகள் எவை என்று பார்த்தால், பெரும்பாலானவை செலவினும் பழக்கத்தைச் சேர்ந்தவை. கொப்பரைக்கு அருகே நாய் படுத்திருத்தல், அச்சுப் பலகைகளைக் கழுவாது வெயிலில் சாய்த்து வைத்தல், வழித்தெடுத்த அழுக்கைக் கொட்டகைக்குப் பின்புறமே கொட்டி ஈ மொய்க்க விடுதல், வார்த்த வெல்லத்தை மூடாது மண் தரையில் பரப்புதல், வேலையாட்கள் கை கழுவ நீரின்றி இருத்தல் ஆகிய இவற்றை மாற்ற இரண்டு நாள் போதும். கிணற்று நீரின் சோதனை, வேலையாட்களின் மருத்துவச் சான்று, தரை, கூரை ஆகியவற்றுக்கே நாள் பிடிக்கும். ஆகவே நோட்டீஸ் வந்த அன்றே பின் சொன்னவற்றைத் தொடங்கிவிட்டு, முன் சொன்னவற்றை அவற்றின் நடுவே முடித்துக்கொள்வது நல்லது. வழக்கமாக நடப்பதோ இதற்கு மாறானது. துடைப்பம் எடுத்துப் பெருக்கிவிட்டு, எல்லாம் ஆயிற்று என்றிருந்து, பதின்மூன்றாம் நாள் நீர் சோதனைக்குப் புட்டி தேடுகிறார்கள்.

எல்லாவற்றினும் பெரிய குறை நிறத்தைப் பற்றியது. இதைச் சற்று விரித்துரைப்பது அவசியம். ஒழுங்காகக் காய்ச்சிய வெல்லம் கரும்பின் இனத்துக்கும் மண்ணுக்கும் தக்கபடி பழுப்பாகவோ செம்பழுப்பாகவோ இருக்கும். உவர் நிலத்துக் கரும்பின் வெல்லம் இன்னும் கறுக்கும். மண்டியிலோ பொன் போல் வெளுத்த வெல்லத்திற்கே விலை அதிகம். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பும் வாங்குவோர் கண்ணுக்காக, ஹைட்ரோஸ் என்று வழங்கும் வெள்ளைத் தூளைப் பாகில் தூவுகிறார்கள். இது துணிச் சாயத் தொழிலில் பயன்படும் இரசாயனம். பாகின் நிறத்தை அது வெளுக்கச் செய்கிறதேயன்றி அழுக்கை நீக்குவதில்லை. வெளுப்பும் நிலைப்பதில்லை, சில வாரம் இருப்பில் வைத்தால் வெல்லம் மறுபடி கறுக்கும். அது விட்டுச் செல்லும் கந்தக வாயு வெல்லத்தில் தங்கும். பத்து லட்சம் பங்கு வெல்லத்தில் கந்தக டை ஆக்ஸைடு 70 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்பது விதி. இழைப்பு நோயுள்ளவர்களுக்கு இவ்வாயு மூச்சுத் திணறலை உண்டாக்கக் கூடியது. இன்னும் சிலர் அஸ்கா என்னும் வெள்ளைச் சர்க்கரையை மூட்டை மூட்டையாகப் பாகில் கொட்டுகின்றனர். நாட்டு வெல்லம் என்ற பெயரில் ஆலைச் சர்க்கரையை விற்பது வாங்குவோரை ஏமாற்றுவதோடு நில்லாமல், நேர்மையாகக் காய்ச்சுகிற அண்டைக் குடியானவரின் விலையையும் கெடுக்கிறது. பின் சொன்ன தீங்கைப் பற்றி அண்டைக் குடியானவர்களே வாய் திறவாதிருப்பதுதான் வியப்பு.

பாகைத் தெளிவிக்க இவையெல்லாம் வேண்டியதே இல்லை. வெண்டைச் செடியின் தண்டையும் வேரையும் நசுக்கி நீரில் கரைத்த வழவழப்புச் சாறு, சாற்றிலுள்ள அழுக்கைத் திரட்டி மேலே கொணர்ந்துவிடும். அளவறிந்து சேர்க்கும் சுண்ணாம்பு நீர் புளிப்பை மாற்றும். பொங்கி வழியும்போது சில துளி நிலக்கடலை எண்ணெய் போதும். பாட்டனார் காலத்தில் செய்ததை மறந்து, பொட்டலத்தை நம்பினதே குறை. கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பழனி தேவஸ்தானத்தார் பஞ்சாமிர்தத்திற்காகக் கொள்முதல் செய்யும் நாட்டுச் சர்க்கரையை எண்ணிப் பார்க்கலாம். அந்தப் பஞ்சாமிர்தம் 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. அத்தகைய வாடிக்கை ஒரு வட்டாரத்திற்குக் கிடைத்தற்கரிய பேறு. ஒரு சில கொட்டகைகளின் தூளால் அந்நம்பிக்கை குலையுமாயின் நஷ்டம் எல்லோருக்கும் பொது. நோட்டீஸில் இக்குறை கண்டிருந்தால், தூளையும் வெள்ளைச் சர்க்கரை மூட்டைகளையும் கொட்டகையை விட்டு அகற்றுவதுடன், எதைக் கொண்டு பாகு தெளிவிக்கப்படுகிறது என்பதைச் சுவரில் எழுதி வைப்பதும் நலம். மறு பரிசோதனைக்கு வரும் அதிகாரி முதலில் நோக்குவது மூலை முடுக்குகளையேயாகும்.

இனி, மறு பரிசோதனையை வரவழைக்கும் வகை. வேலை முடிந்தவுடன், தவணை முடியுமுன், நியமன அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும். அதன் நகல் ஒன்று பார்வையிட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் செல்லட்டும். நோட்டீஸின் எண்ணும் தேதியும், பதிவுச் சான்றின் எண்ணும், கொட்டகை இருக்கும் கிராமம், சர்வே நம்பர், அங்கே செல்லும் வழி ஆகியவையும் தெளிவாக இருத்தல் வேண்டும். பிறகு நோட்டீஸில் எந்த வரிசையில் குறைகள் எழுதப்பட்டிருக்கின்றனவோ அதே வரிசையில், இக்குறைக்கு இது செய்யப்பட்டது, இன்ன தேதியில் முடிந்தது என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். எல்லாம் திருத்தப்பட்டது என்று ஒரே வரியில் எழுதிய விண்ணப்பத்தால் அதிகாரிக்கு ஒன்றும் விளங்காது; விளங்காத விண்ணப்பம் கட்டின் அடியிலேயே கிடக்கும். முடியாத வேலை ஏதேனும் இருந்தால், அதை மறைக்காமல், இதுவரை ஆனது இவ்வளவு, எஞ்சியதை இன்ன நாளுக்குள் முடிப்பதாக எழுதித் தவணை நீட்டிக் கேட்பதே மேல். பாதி வேலையை முழு வேலை என்று எழுதி, வந்து பார்த்தவர் முகத்தில் விழிக்க நேர்ந்தால், பின் சொல்லும் மெய்யும் பொய்யாகவே கொள்ளப்படும்.

விண்ணப்பத்துடன் சேர்க்க வேண்டியவை அதிகமில்லை. திருத்திய இடங்களின் புகைப்படங்கள், சிமெண்டு, வலை, பாத்திரம் முதலியன வாங்கிய ரசீதுகள், நீர் சோதனை அறிக்கை, வேலையாட்களைப் பரிசோதித்த பதிவு பெற்ற மருத்துவரின் சான்று ஆகியவை போதும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தார் ஜில்லாதோறும் நீர் சோதனைச் சாலைகள் வைத்திருக்கின்றனர். அங்கே நீரைக் கொடுக்கும் முறையை முன்னரே கேட்டறிந்து செல்வது நல்லது. கழுவாத புட்டியில் கொண்டுபோன நீர் கிணற்றின் குணத்தைக் காட்டாமல் புட்டியின் குணத்தைக் காட்டும். விண்ணப்பத்தை நேரில் கொடுத்து, தேதி முத்திரையுடன் நகலைப் பெற்றுக்கொள்ள வேண்டும். தூரம் அதிகமாயின் ஒப்புகைச் சீட்டுடன் விரைவுத் தபாலில் அனுப்பலாம். தொலைபேசியில் சொல்லியாயிற்று என்பது எண்ணிக்கையில் சேராது.

நாள் குறிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. அடுப்பு எரியாத கொட்டகையில் அதிகாரி வந்து பார்ப்பதற்கு வெறுஞ் சுவரே இருக்கும். பாகு காய்வதும், அழுக்கு எடுப்பதும், வேலையாட்கள் தலைத்துணி கட்டிக் கை கழுவி அச்சில் வார்ப்பதும் கண்ணால் கண்டாலன்றித் தொழில் முறை திருந்தியதை அவரால் எழுத இயலாது. ஆகையால், இன்ன இன்ன நாட்களில் ஆலை ஓடும், இத்தனை மணி முதல் காய்ச்சல் நடைபெறும் என்று விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டு, அந்நாட்களில் ஒன்றில் வரும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். சான்று நிறுத்தி வைக்கப்பட்டிருந்தால் இது பொருந்தாது. அப்போது அடுப்பு மூட்டுவதே குற்றமாதலால், கட்டிடத்தையும் பாத்திரங்களையும் சோதனைச் சான்றுகளையுமே காட்டக் கூடும். தவணைக்குள்ளேயே மறு பரிசோதனையைக் கேட்டு முடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இது மற்றொரு காரணம்.

அதிகாரி வரும் நாளில் கொட்டகைக்கு உடையவரோ, விவரம் அறிந்து கையொப்பமிடத் தகுந்தவரோ இருத்தல் அவசியம். முதலாளி சந்தைக்குப் போயிருக்கிறார் என்று ஆலைப் பையன் சொல்லி அனுப்பிவிட்டால், அடுத்த முறை அவர் எப்போது வருவாரோ தெரியாது. இளநீரும் பலகாரமும் வாங்கி வைப்பதில் காட்டும் அக்கறையைக் காகிதங்களை ஒரே கட்டாக எடுத்து வைப்பதில் காட்டினால் போதும். உபசாரத்தால் கிடைத்த அறிக்கை அடுத்த அதிகாரியின் கண்ணுக்கு நில்லாது. வெல்லத்தில் மாதிரி எடுப்பாராயின் அதற்குரிய விலையைப் பெற்றுக்கொள்ள உரிமை உண்டு. மாதிரியை 4 பங்காக்கி முத்திரையிடுவதைப் பார்த்திருந்து கையொப்பமிட வேண்டும். அவற்றுள் ஒரு பங்கை அங்கீகாரம் பெற்ற சோதனைச் சாலைக்கு அனுப்பும்படி அங்கேயே கேட்கலாம். உணவுப் பகுப்பாய்வாளர் 14 நாட்களுக்குள் அறிக்கை தரவேண்டும் என்பது சட்டம். அவ்வறிக்கையை ஏற்காதவர் 30 நாட்களுக்குள் நியமன அலுவலரிடம் முறையிடலாம். பரிசோதனை முடிந்தபின், குறை நீங்கியது என்றோ, இன்னது எஞ்சியுள்ளது என்றோ எழுதிய அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெறாமல் அதிகாரியை வழியனுப்பலாகாது. படித்துப் பார்க்காமல் கையெழுத்திடும் பழக்கம் கடன் பத்திரத்தோடு ஒழியட்டும். காரணமின்றி அலைக்கழிக்கும் அதிகாரிக்கும் 39-ஆம் பிரிவில் அபராதம் வகுக்கப்பட்டிருக்கிறது; பொய்ப் புகார் கொடுப்பவருக்கும் அதே பிரிவில் அபராதம் உண்டென்பதையும் சேர்த்தே அறிந்துகொள்ள வேண்டும்.

குத்தகைக் கொட்டகைகளின் நிலை வேறு. நிலமும் கொட்டகையும் ஒருவருடையன. பருவத்திற்கு மட்டும் வந்து காய்ச்சுகிறவர் மற்றொருவர். பதிவுச் சான்று காய்ச்சுகிறவர் பெயரில் இருப்பதால், நோட்டீஸும் அவருக்கே போகிறது. நிலத்துக்குடையவர், இது தமக்கு வந்ததன்று என்று ஒதுங்கிவிடுகிறார். 3 மாதத்திற்கு வந்தவர் பிறர் கொட்டகைக்குத் தரை போட்டுக் கூரை வேய்வாரா? போடமாட்டார், சான்று நின்றால் வேறு ஊர் போய்விடுவார். அதன்பின் ஆளில்லாத கொட்டகையும் வெட்ட ஆளில்லாத கரும்பும் நிலத்துக்குடையவருக்கே மிஞ்சும். தரை, கூரை, நீர், வடிகால் ஆகியவை உடையவர் பொறுப்பு. பாத்திரம், வேலையாட்கள், காய்ச்சும் முறை ஆகியவை குத்தகைதாரர் பொறுப்பு என்று குத்தகைச் சீட்டிலேயே எழுதிக்கொண்டால், நோட்டீஸ் வந்த நாளில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்க வேண்டியிராது.

கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் இதில் வெறும் பார்வையாளர்களாக இருத்தல் தகாது. கொட்டகைக்கு அருகே ஊர்க் குப்பை கொட்டப்படுவதும், தெருச் சாக்கடை தேங்கி நிற்பதும், மேல்நிலைத் தொட்டியைக் கழுவாதிருப்பதும் தனி ஒருவர் திருத்தக் கூடியவையல்ல. ஆயினும் அவை அக்குடியானவரின் நோட்டீஸில் குறையாக ஏறிவிடுகின்றன. ஊராட்சி கழிக்க வேண்டிய குப்பைக்காக ஒருவர் அபராதம் செலுத்துவது நியாயமாகாது. அத்தகைய குறை காணப்பட்டால், நோட்டீஸின் நகலுடன் ஊராட்சிக்கு அவர் எழுதிக் கொடுக்க, தவணைக்குள்ளேயே அதை நீக்கி, நீக்கியதாக எழுத்து மூலம் கொடுப்பது ஊராட்சியின் கடமை. நிலம் யாருடையது, கொட்டகை எந்தச் சர்வே நம்பரில் உள்ளது என்பதற்கான சான்றை நாள் கடத்தாமல் கொடுப்பது கிராம நிர்வாக அலுவலரின் கடமை. ஒரு கையொப்பத்திற்காகப் பதினான்கில் ஐந்து நாள் கழிந்துவிட்டால், மிச்ச நாளில் சிமெண்டு காயுமா?

இலாகாவின் பக்கமும் சொல்ல வேண்டியது உண்டு. ஓர் அலுவலரின் எல்லைக்குள் உணவு விடுதி, பால் நிலையம், எண்ணெய்ச் செக்கு, மளிகைக் கடை என எத்தனையோ இருக்க, விண்ணப்பித்த மறுநாளே அவர் தோட்டத்துக்கு வந்துவிடுவார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆனால் திருத்துவதற்குத் தவணை குறிக்கிற சட்டம், திருத்தியபின் வந்து பார்ப்பதற்கு அதிகாரிக்குத் தவணை ஒன்றும் குறிக்கவில்லை. ஆண்டெல்லாம் நடக்கும் தொழிலுக்கு இதனால் பெருங் கேடில்லை. சில மாதமே நடக்கும் தொழிலுக்கு, பத்து நாள் தாமதமும் தண்டனைக்குச் சமம்; குற்றம் நீங்கியபின் அனுபவிக்கும் தண்டனை. பருவத் தொழில்களின் விண்ணப்பங்களைத் தனிக் கட்டாக வைத்து, ஒரு வட்டாரத்துக் கொட்டகைகளை ஒரே நாளில் சுற்றிப் பார்க்கும்படி ஏற்பாடு செய்தால், அதிகாரிக்கும் அலைச்சல் குறையும், குடியானவருக்கும் கரும்பு தப்பும்.

இதனினும் நல்லது, வேளாண்மை இலாகாவின் உதவி அலுவலரும் உணவுப் பாதுகாப்பு அலுவலரும் ஐப்பசி மாதத்திலேயே ஊர்தோறும் கலந்து சென்று, கொட்டகைகளைப் பார்த்து, குறைகளை எழுதிக் கொடுப்பதாகும். அப்போது அடுப்பு மூட்டியிராது. கூலியாட்கள் கட்டிட வேலைக்குக் கிடைப்பார்கள். நீர் சோதனைக்கும் நாள் இருக்கும். கார்த்திகையில் முதற் கொப்பரை ஏறும் வாரத்தில் மறு பரிசோதனையும் முடிந்துவிட்டால், மார்கழியில் எவரும் எவரையும் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு கிராமத்தில் நாலைந்து ஆலைக்காரர் சேர்ந்து ஒரே விண்ணப்பமாக எழுதிக் கேட்டால், இதற்குச் சட்டத்தில் தடை ஏதுமில்லை. புரட்டாசி கழிவதற்குள் எழுதிக் கேட்பது நன்று.